மூன்று தரம் அடித்த பெனல்டி

அரையிறுதி ஆட்டம் முடியும் தறுவாயில் நடுவர் வூத்ரிஹ் திடீரென்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். அறுபதை நெருங்கும் மனிதர். காலையிலிருந்து பூம்ப்ளிஸ் மைதானத்து வெயிலில் ஓடிக்கொண்டே இருந்தவர். இரண்டு பேர் தோள் கொடுத்து அவரைக் கூட்டிக்கொண்டு போய், சிற்றுண்டிக் கூடாரத்து நிழலில் கதிரை போட்டு இருத்தி, காலில் ஐஸ் பை வைத்தார்கள். மிச்ச ஆட்டத்தைக் கோசலா நடத்தி முடித்தாள்.

அதுவரைக்கும் யாருக்கும் மறுப்பு இருக்கவில்லை. கோசலா உரிமம் பெற்ற நடுவர். ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பிரிவுப் பொறுப்பாளராக வேலை செய்தாள். சனி ஞாயிறுகளில் விசிலும் அட்டைகளுமாக ஊர் ஊராகப் போய் மூன்றாம் லீகா என்ற உள்ளூர்ப் பிரிவின் ஆண்கள் ஆட்டங்களை நடத்துவாள். அன்றைய சுற்றுப்போட்டிக்கு அவளும் வூத்ரிஹும் என்று இரண்டே நடுவர்கள். இறுதி ஆட்டத்தை வூத்ரிஹ் பார்ப்பதென்று முதலிலேயே பேசி வைத்திருந்தார்கள். ஏனென்றால் கோசலாவின் கணவன் ஜெனுசன் கொன்றையடி இந்துக் கல்லூரி அணியின் கோல்கீப்பர்.

யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் வருடா வருடம் நடத்தும் உதைபந்தாட்டப் போட்டி அது. ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கல்லூரிகளின் வாசலைக்கூடக் கண்டதில்லை. எல்லாம் இந்தக் குளிர் நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். தகப்பன் எங்கே படித்தாரோ அதுதான் மகனின் அணி. கொன்றையடி இந்துவும் புனித எட்வேட் கல்லூரியும் ஒரே வீதியின் இரண்டு முனைகளில் இருந்தவையாம். அங்கே தொடங்கிய போட்டி விமானம் ஏறி இங்கே வந்து, இத்தனை பனிக்காலம் கடந்தும் சூடு ஆறாமல் கிடந்தது. அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளும் அவைதான்.

போட்டி அமைப்பாளர் தயாநிதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கோசலாவிடம் வந்தார்.

"பிள்ளை, பைனலையும் நீதான் பார்க்க வேணும்."

"அங்கிள், என்ர மனுசன் விளையாடுறார். நான் செய்யிறது சரியில்லை. வேற ஆரையும் கூப்பிடுங்கோ."

"இனி ஆரைக் கூப்பிடுறது? ஆறு மணிக்கு கிரவுண்டைத் திருப்பிக் குடுக்க வேணும். ஆப்வார்ட் இப்பவே திறப்புக் கோர்வையோட நிக்கிறான்."

மைதானப் பராமரிப்பாளர் உண்மையிலேயே கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எட்வேட் ஆக்களைக் கேளுங்கோ. அவை ஓம் எண்டால் மட்டும்தான்."

எட்வேட் அணியின் பொறுப்பாளர் தம்பித்துரைக்குச் செய்தி போன அடுத்த நிமிடமே அவர் வந்துவிட்டார். கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

"மனுசன் கோல்கீப்பர், மனுசி ரெஃபரி. உது மட்சோ, கலியாண வீடோ?"

"அதைத்தான் நானும் சொன்னனான் அங்கிள்," என்றாள் கோசலா.

அவருக்குப் பின்னால் வந்த எட்வேட் கப்டன் பிரவீனன் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான். "அங்கிள், போன சீசன் எங்கட லீகா மட்ச் ஒண்டுக்கு இவதான் ஷிரி. எனக்குச் சிவப்பு மட்டை காட்டினவ." நடுவரை இங்கத்தைப் பிள்ளைகள் ஜெர்மன் வழக்கில் ஷிரி என்றுதான் சொல்வார்கள்.

"பார்த்தியே, சிவப்பும் காட்டியிருக்கிறா."

"அது சரியான சிவப்பு அங்கிள். நான் செய்தது அப்பிடி. எனக்கு இவ ஓகே."

தம்பித்துரை ரோல்ஸின் மிச்சத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு, "சரி, ஆனா நான் ஒவ்வொரு விசிலையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்டம் தொடங்குமுன் கோசலா இரண்டு கப்டன்களையும் பொறுப்பாளர்களையும் கோல்கீப்பர்களையும் நடு வட்டத்துக்குக் கூப்பிட்டாள். அரைமணி அரைமணியாக இரண்டு பாதி, சமநிலை என்றால் நேரே பெனல்டி என்று சொன்னாள். பிறகு புதிய சட்டத்தைச் சொன்னாள். கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோர்னர். கடைசி ஐந்து விநாடியைத் தான் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவாள்.

"விளங்கினதோ?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தம்பித்துரை போனைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். கொன்றையடிக் கப்டன் சிந்துஜன் எதிரணியின் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான். ஜெனுசன் மட்டும் புன்னகைத்தான். மனைவி இரண்டு கிழமையாக அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பழகியதை அவன் பார்த்திருக்கிறான். "வீட்டுக்குள்ள டிராஃபிக் பொலிஸ் வந்திட்டுது," என்று பகிடி பண்ணியும் இருக்கிறான்.

கோட்டோரத்தில் கொடி பிடிக்க ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒருவர் நின்றார்கள். விசில் ஊதினாள். ஆட்டம் தொடங்கியது.

முதல் கால்மணி நேரம் இரண்டு அணிகளும் ஒன்றையொன்று முட்டிப் பார்த்தன. புல் காய்ந்து கிடந்ததால் பந்து துள்ளித் துள்ளி ஓடியது. பிறகு கொன்றையடிக்குப் பக்கக் கோட்டில் ஒரு எறிதல் கிடைத்தது. எறிந்தவன் நல்ல நீளக் கைக்காரன். எட்வேட்டின் பின்வரிசைக்கெல்லாம் அப்பால் தனியே நின்ற சிந்துஜனின் மார்புக்கு நேரே பந்தைப் போட்டான். சிந்துஜன் பந்தை இறக்கி ஒரே அடி. வலை புடைத்தது.

எட்வேட் கோட்டோரக்காரரின் கொடி விறைத்துக்கொண்டு மேலே நின்றது. எட்வேட் பின்வரிசை முழுவதும் கையைத் தூக்கியது. கோசலா கொடியைப் பார்த்தாள், இல்லை என்று தலையை அசைத்தாள், நடுவட்டத்தைக் காட்டினாள். கோல்.

தம்பித்துரை கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். "ஓஃப்சைட் பிள்ளை. அவன் தன்னந்தனிய நிண்டவன். குருடனுக்கும் தெரியும்."

"ஓம் அங்கிள், தனியத்தான் நிண்டவர். ஆனா எறிஞ்ச பந்துக்கு ஓஃப்சைட் இல்லை."

"ஆர் சொன்னது?"

"சட்டம் சொல்லுது. தயவுசெய்து கோட்டுக்கு வெளியில போங்கோ."

அவர் போனார். போகிற வழியெல்லாம் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். "எனக்கு அப்பவே தெரியும். கலியாண வீடுதான்."

எட்வேட் பக்கத்துக் கூட்டம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு கோசலா எந்தப் பக்கம் கை காட்டினாலும் யாராவது ஒருவர் நாதஸ்வரம் ஊதுவதுபோல வாயால் ஊதினார்கள். அவளுக்குக் காது சூடாகியது. முகத்தில் காட்டவில்லை. லீகா ஆட்டங்களில் அவளை இதைவிட மோசமாகவெல்லாம் திட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே திட்டுகிறவர்களை அடுத்த நாள் கோயிலில் சந்திக்க வேண்டியதில்லை.

இடைவேளையில் மாமி புனிதவதி தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். ஜெனுசனின் அம்மா. வில் என்ற ஊரிலிருந்து காலையிலேயே ரயிலேறி, மகன் விளையாடுவதைப் பார்க்க வந்தவர்.

"குடி பிள்ளை. முகமெல்லாம் சிவந்து போச்சு. நல்லா நடத்துறாய், அவங்கள் கத்தினால் கத்தட்டும்."

"என்னட்டத் தண்ணி இருக்கு மாமி. இப்ப நீங்கள் எனக்குப் பக்கத்தில நிக்கக் கூடாது."

"நான் மாமி தானே."

"அதாலதான் மாமி."

இரண்டாம் பாதியில் எட்வேட் அலை அலையாக வந்தது. பிரவீனன் நடுவில் நின்று பந்தை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்க, கொன்றையடி தன் கோலடியிலேயே முடங்கிப் போனது. ஜெனுசன் அன்றைக்கு ஆடிய மாதிரி ஆடி கோசலா கண்டதில்லை. ஒரு தலையடியை விரல் நுனியால் கம்பத்துக்கு மேலே தட்டினான். காலடியில் வந்த பந்தை இரண்டு பேருக்கு நடுவே பாய்ந்து அள்ளினான். அவளுக்குள் எங்கோ கைதட்ட வேண்டும்போல இருந்தது. விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

ஆட்டம் முடிய மூன்று நிமிடம் இருந்தது. இன்னும் கொன்றையடிக்கு ஒன்று, எட்வேட்டுக்குப் பூச்சியம். உயர்ந்து வந்த ஒரு பந்தை ஜெனுசன் சுகமாகப் பிடித்தான். பிடித்தவன் மெதுவாக நிமிர்ந்தான். பின்வரிசையை முன்னே போகச் சொல்லிக் கை காட்டினான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி நடந்தான்.

கோசலா மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று வரை எண்ணியதும் கையை உயர்த்தினாள். ஐந்து விரல்.

ஜெனுசன் அவளைப் பார்த்தான். கையையும் பார்த்தான். அவன் முகத்தில், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவள் பழகியதைப் பார்த்தபோது வந்த அதே புன்னகை வந்தது. நாலு விரல். பந்தை ஒருதரம் நிலத்தில் குத்திப் பிடித்தான். மூன்று. எறி, எறி என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். இரண்டு. அவன் இடதுபக்கம் யாரோ நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். ஒன்று. அவள் விரல்கள் முழுவதும் மடங்கின. பந்து இன்னும் அவன் கையில்.

விசில் ஊதினாள். கோர்னர்க் கொடியைக் காட்டினாள்.

எட்வேட் ஆட்டக்காரர்களுக்கே என்ன கிடைத்தது என்று விளங்கவில்லை. முதலில் விளங்கியது பிரவீனனுக்குத்தான். பந்தை வாங்கிக்கொண்டு மூலைக்கு ஓடினான்.

"கோசலா, என்ன விசரே உனக்கு?" ஜெனுசன் கையுறைகளை விரித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தான்.

"கீப்பர், உங்கட இடத்துக்குப் போங்கோ."

"கீப்பரோ?"

"போகாட்டி மஞ்சள் தருவன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். அவள் கை சட்டைப் பையை நோக்கிப் போவதைக் கண்டதும் திரும்பி ஓடினான். பிரவீனனின் கோர்னர் வளைந்து வந்தது. எட்வேட்டின் நெட்டையான பின்வரிசைக்காரன் எல்லோருக்கும் மேலே எழும்பி நெற்றியால் இடித்தான். ஜெனுசனின் கை பந்தில் பட்டும் படாமலும் போனது. ஒன்றுக்கு ஒன்று.

இப்போது கொன்றையடிப் பக்கம் பற்றி எரிந்தது. சிந்துஜன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அக்கா, கீப்பர் பந்தை வைச்சிருந்ததுக்குக் கோர்னரோ? நான் இத்தனை வருசமா விளையாடுறன், இப்பிடி ஒண்டைக் கேள்விப்படேல்ல."

"தொடங்க முதல் சொன்னனான். நீங்கள் தலையாட்டினீங்கள்."

"நான் வேற ஏதோ எண்டு நினைச்சன்."

கோட்டோரத்தில் புனிதவதி மாமியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. "கோல்கீப்பர் பந்தைக் கையில வைச்சிருக்காமல் தலையிலயோ வைச்சிருக்கிறது?"

கொன்றையடிக்காரர்கள் கைதட்டினார்கள். எதிர்ப்பக்கத்தில் நாதஸ்வரச் சத்தம் நின்று போயிருந்தது. தம்பித்துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அருமையான சட்டம். முந்தியே கொண்டு வந்திருக்க வேணும்," என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார்.

மிச்ச நேரம் யாரும் கோல் அடிக்கவில்லை. பெனல்டி.

ஒரே கோலடியில் எல்லோரும் கூடினார்கள். கோட்டோரக்காரர்கள் இருவரையும் கோசலா நடுவட்டத்துக்கு அனுப்பிவிட்டாள். எறிதலுக்கு ஓஃப்சைட் கொடி தூக்கியவரை நம்பி அவள் இதை நடத்துவதாக இல்லை. அடிக்கிறவனின் கால், கீப்பரின் கால், கோட்டின் வெள்ளை எல்லாம் ஒரே பார்வைக்குள் வருகிற மாதிரி ஒரு இடம் பார்த்து நின்றாள். கீப்பர்கள் இருவரையும் அருகே கூப்பிட்டாள்.

"பந்தை அடிக்கிற நேரம் ஒரு காலாவது கோட்டில இருக்க வேணும். விளங்கினதோ?"

எட்வேட் கீப்பர் "யா" என்றான். ஜெனுசன் வானத்தைப் பார்த்தான்.

கொன்றையடி முதலில் அடித்தது. உள்ளே. எட்வேட்டும் உள்ளே. இரண்டாவதும் அப்படியே. ஒவ்வொரு அடிக்கும் கூட்டம் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் உட்கார்ந்தது. கொன்றையடியின் மூன்றாவதை எட்வேட் கீப்பர் காலால் தடுத்தான். எட்வேட்டின் மூன்றாவதை ஜெனுசன் இடப்பக்கம் பாய்ந்து பிடித்தான். நாலாவது இரண்டு பக்கமும் உள்ளே போனது. ஐந்தாவதைச் சிந்துஜன் வலையின் கூரையோடு ஒட்டி அடித்தான். கொன்றையடிக்கு நாலு. எட்வேட்டுக்கு மூன்று. எட்வேட்டின் கடைசி அடி மிச்சம். போட்டால் சமன், ஆட்டம் தொடரும். விட்டால் கிண்ணம் கொன்றையடிக்கு.

பிரவீனன் பந்தை வைத்தான். பின்னே போனான். மூச்செடுத்தான். ஓடி வந்தான்.

கடைசி எட்டில் அவனுடைய ஊன்றுகால் காய்ந்த புல்லில் வழுக்கியது. வலக்கால் பந்தை அடித்தது, பந்து அவனுடைய இடக்காலிலேயே பட்டு எகிறி, யாரும் எதிர்பாராத ஒரு வளைவில் உயர்ந்தது. ஜெனுசன் மற்றப் பக்கம் பாய்ந்து கிடந்தான். பந்து அவனுக்கு மேலாக மெல்ல மிதந்து வலைக்குள் இறங்கியது.

எட்வேட் பக்கம் கூச்சல். பிரவீனன் புல்லில் கிடந்தபடியே இரண்டு கையையும் தூக்கினான்.

கோசலா விசிலை ஊதினாள். அவள் இரண்டு சத்தம் கேட்டாள். அதைவிட, கண்ணால் கண்டாள். இரண்டு காலும் பட்ட பந்து.

ஜெனுசனும் கண்டுவிட்டான். எழும்பி நின்று கத்தினான். "ரெண்டு தரம் பட்டது. ரெண்டு தரம். கோல் இல்லை."

நொடியில் இரண்டு அணியும் அவளைச் சுற்றிக்கொண்டன. பின்னால் சனமும் உள்ளே வந்தது. "படேல்ல, படேல்ல," என்று எட்வேட். "அப்ப அடி பிழைச்சிட்டுது, நாங்கள் வெண்டிட்டம்," என்று கொன்றையடி. சிந்துஜனின் தம்பிமாரில் ஒருவன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "இஞ்ச பாருங்கோ அக்கா, கூகிள்ல கிடக்கு. ரெண்டு தரம் பட்டால் அடி செல்லாது. கதை முடிஞ்சுது."

அவன் காட்டியது பொய்யில்லை. போன வருடம் வரைக்கும் அதுதான் சட்டம். அந்தச் சட்டப்படி இப்போது ஆட்டம் முடிந்திருக்கும். கொன்றையடி வென்றிருக்கும், ஜெனுசன் அவளைத் தூக்கிச் சுற்றியிருப்பான், மாமி திரும்பவும் தண்ணீரோடு வந்திருப்பார். ஆனால் இந்த வருடத்துச் சட்டம் வேறு. தெரியாமல் இரண்டு காலும் பட்டு உள்ளே போனால் திருப்பி அடிக்க வேண்டும்.

விசிலை நீளமாக ஊதினாள். சத்தம் அடங்கும்வரை நின்றாள்.

"பந்து ரெண்டு காலிலயும் பட்டது. நான் கண்டனான். வேணுமெண்டு செய்யேல்ல, வழுக்கினது. இப்பத்தைச் சட்டப்படி கோலும் இல்லை, பிழைச்ச அடியும் இல்லை. திருப்பி அடிக்க வேணும்."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கத்தியது. அன்றைக்கு அவர்கள் ஒற்றுமையாகச் செய்தது அது ஒன்றுதான்.

"பிள்ளை, நீ சட்டத்தை அந்தந்த நேரத்துக்குச் சமைக்கிறியோ?" என்றார் தம்பித்துரை.

"மட்ச் முடியக் கூடாரத்துக்கு வாங்கோ அங்கிள், வாசிச்சுக் காட்டுறன். இப்ப எல்லாரும் கோட்டுக்கு வெளியில போங்கோ. போகாட்டி மட்சை நிப்பாட்டிப்போட்டு வீட்டை போவன்."

அதைச் சொன்ன தொனியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். முதலில் சிறுவர்கள் நகர்ந்தார்கள். பிறகு பெரியவர்கள். கூடாரத்து நிழலில் காலில் ஐஸ் பையோடு எழும்பி நின்ற வூத்ரிஹ்கூடத் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

பிரவீனன் பந்தை மறுபடி வைத்தான். இந்த முறை ஓட்டத்தைக் குறைத்தான். வலதுபக்கம் தாழ்வாக, நல்ல வேகம். ஜெனுசன் சரியாகக் கணித்திருந்தான். பாய்ந்தான். உள்ளங்கை பட்டது. பந்து கம்பத்துக்கு வெளியே உருண்டு போனது.

கொன்றையடி பாய்ந்து உள்ளே வந்தது. புனிதவதி மாமி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சிந்துஜன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். ஜெனுசனின் மேல் நாலைந்து பேர் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஜெனுசனின் முகம் மட்டும் வெளியே தெரிந்தது. அது கோசலாவைத் தேடியது. அவள் நின்ற கோலத்தைக் கண்டதும் அந்த முகத்துச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

அவளுடைய கை கோல் கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. விசில் அப்போதே ஊதியாகிவிட்டது. சந்தோசச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"கீப்பர், ரெண்டு காலும் கோட்டை விட்டு வந்திட்டுது. அடிக்க முதலே. இது எச்சரிக்கை. திருப்பி அடிக்க வேணும்."

குவியல் பிரிந்தது. சிந்துஜன் சுழற்றிய சட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றான். மாமி செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் கோட்டுக்கு வெளியே நடந்தார். கத்தியிருந்தால்கூடக் கோசலாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஜெனுசன் கிட்ட வந்தான். முகத்தில் வியர்வையும் புல்லும். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான். "மெய்யாவோ? இல்லாட்டி, ஆக்கள் கதைப்பினம் எண்டோ?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. ஒரு கணம் தானே தன்னைக் கேட்டுப் பார்த்தாள். இல்லை. பந்து இன்னும் பிரவீனனின் காலில் படாதபோது, வெள்ளைக் கோட்டுக்கும் ஜெனுசனின் பின்காலுக்கும் நடுவே ஒரு சாண் பச்சைப் புல் தெரிந்தது. அதை அவள் கண்டாள்.

"மெய்யா," என்றாள். "ஒரு சாண்."

அவன் தலையைக் குனிந்து, கையுறையின் நாடாவை இறுக்கிக்கொண்டு கோலுக்குத் திரும்பினான். கோட்டில் ஏறி நின்று, குதியால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தான்.

மூன்றாவது தரம். பிரவீனன் பந்தை வைத்துவிட்டுக் கண்களை மூடித் திறந்தான். பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு ரயில் போன சத்தம் மட்டும் கேட்டது.

ஓடி வந்தான்.

கோசலா பந்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கண்கள் முழுவதும் ஜெனுசனின் கால்களில் இருந்தன. இடக்கால் முன்னே எழுந்தது. வலக்கால் குதி வெள்ளைக் கோட்டில் அழுந்திக் கிடந்தது. அடி விழுந்த சத்தம் கேட்டபோதும் அது அங்கேதான் கிடந்தது. பிறகுதான் எம்பியது. அதற்குப் பிறகு கையுறையில் பந்து அறைந்த ஒரு சத்தம். அவள் தலையை நிமிர்த்தியபோது பந்து கோலுக்கு வெளியே, மூலைக்கொடிப் பக்கமாகத் துள்ளிக்கொண்டு போனது. ஜெனுசன் முகம்குப்புறப் புல்லில் கிடந்தான்.

ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஓடி வரவில்லை. கொன்றையடியும் எட்வேட்டும், பெரியவர்களும் சின்னவர்களும், அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிந்துஜன் ஒரு காலைக் கோட்டுக்கு உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு உறைந்திருந்தான். பிரவீனன் இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்தபடி பார்த்தான். ஜெனுசன் புல்லிலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்தான்.

அடித்தவன் கால், சரி. கீப்பர் கால், சரி. வேறு யாரும் உள்ளே வரவில்லை. எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கோசலா விசிலை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினாள். ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு எழும்பிய சத்தத்தை யூரோபாபிளாட்ஸ் சதுக்கம் வரைக்கும் கேட்டிருப்பார்கள். கொன்றையடியின் மஞ்சள் சட்டைகள் எல்லாம் ஜெனுசனுக்கு மேலே. இந்த முறை மாமி செருப்போடேயே ஓடினார். தயாநிதி கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் கூடாரத்துக்குள் தேடினார்.

கொஞ்சம் பொறுத்து ஜெனுசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கட்டிப்பிடிக்கத்தான் வந்தான். அவள் கண்ணைக் கண்டு நின்று, மற்ற ஆட்டக்காரர்களைப்போலக் கையை நீட்டினான். "நன்றி, ஷிரி."

அவள் கை கொடுத்தாள்.

"வீட்டிலயும் நீ ஷிரிதானோ?" என்றான்.

"பேசாமல் போய் கப்பை வாங்கு."

அடுத்து பிரவீனன் வந்தான். கண் சிவந்திருந்தது. கை கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்த்து, தம்பித்துரை தூரத்தில் நிற்பதை உறுதி செய்துகொண்டு சொன்னான். "முதல் அடி ரெண்டு காலிலயும் பட்டதுதான் அக்கா. எனக்கு அப்பவே தெரியும்."

"பேந்து ஏன் கையைத் தூக்கினீர்?"

"நீங்கள் கண்டிருக்க மாட்டீங்கள் எண்டு ஒரு ஆசை." வெட்கத்தோடு சிரித்துவிட்டுப் போனான்.

பரிசளிப்பு நடந்துகொண்டிருந்தபோது கோசலா மாமியைத் தேடிப் போனாள். மாமி கூடாரத்து மர வாங்கில் உட்கார்ந்து கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டார். கோசலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டாவது அடிக்கு நீ விசில் ஊதேக்க எனக்கு உன்னில வந்த கோபம் சொல்லி முடியாது," என்றார் மாமி.

"தெரியும் மாமி."

"இப்பவும் கொஞ்சம் கிடக்கு." மாமி பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்து நீட்டினார். "சாப்பிடு. இனி உனக்குப் பக்கத்தில நான் இருக்கலாம் தானே."

கோசலாவுக்கு அப்போதுதான் எவ்வளவு பசி என்று தெரிந்தது. இரண்டை அடுத்தடுத்துச் சாப்பிட்டாள்.

ஆப்வார்ட் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். ஒருவரும் போவதாக இல்லை. பெனல்டிப் புள்ளியைச் சுற்றி இரண்டு கல்லூரிப் பெரியவர்களும் கூடி நின்று இன்னும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தம்பித்துரை காற்சட்டையை மடித்துவிட்டுப் பந்தை வைத்தார். "இப்ப நான் அடிக்கிறன், பாருங்கோ. ஒரு காலால அடிக்கிற பந்து மற்றக் காலில எப்பிடிப் படும்? அது நடக்க ஏலாது."

ஓடி வந்தார். வழுக்கினார். மல்லாக்க விழுந்தார். பந்து அவருடைய சப்பாத்து இரண்டிலும் பட்டு, ஆளில்லாத கோலுக்குள் குதித்துக் குதித்துப் போனது. எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். விழுந்த இடத்திலேயே கிடந்து தம்பித்துரையும் சிரித்தார். கிண்ணத்தை அணைத்துக்கொண்டு நின்ற ஜெனுசனுக்குப் பக்கத்தில் கோசலாவைக் கண்டதும் முழங்கையில் ஊன்றி எழும்பினார்.

"பிள்ளை, இப்ப இது கோலோ, இல்லையோ?"

"திருப்பி அடியுங்கோ அங்கிள்," என்றாள் கோசலா.

அவர் புல்லைத் தட்டிவிட்டு எழும்பி, பந்தை எடுக்க நொண்டி நொண்டி நடந்தார்.